‘கேஸ்டிரிக்’ என்ற ஒரு சொல் போதாது: எந்த வயிற்று வலிக்கு உடனே மருத்துவமனை போக வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸ் மருந்துக் கடைகளிலோ, கிள்ளான் லிட்டில் இந்தியா பக்கத்து கிளினிக்குகளிலோ கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். “கேஸ்டிரிக்ங்க. மருந்து கொடுங்க.”

நெஞ்சு எரிந்தால் கேஸ்டிரிக். வயிறு உப்பினால் கேஸ்டிரிக். சாப்பிட்டதும் விலாவுக்குக் கீழே குத்தினாலும் கேஸ்டிரிக். முதுகு வரை வலி இழுத்தால் “காற்று முதுகில் பிடித்துக்கொண்டது” என்போம். வீட்டில் ஓமத்தண்ணீரோ சீரகத் தண்ணீரோ வைத்துக் கொடுப்போம். கோடாலித் தைலம் தேய்ப்போம். பெரும்பாலான நாள்களில் அது சரியாகியும் போகும். அதனாலேயே சரியாகாத அந்த ஒரு நாளையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

என் பெரியப்பா சேர்த்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு, பிறகு கிள்ளானுக்கு வந்து லாரி ஓட்டியவர். ஒரு கல்யாண விருந்துக்குப் போய் வந்த இரவு நெஞ்சுக்குழியில் யாரோ கையை வைத்து அழுத்துவது போல் இருக்கிறது என்றார். “ஆட்டிறைச்சி அதிகமா சாப்பிட்டுட்டேன், கேஸ்” என்று அவரே முடிவு சொல்லிக்கொண்டார். பாட்டிலில் இருந்த வெள்ளை மருந்தைக் குடித்தார், இரண்டு முறை ஏப்பம் விட்டார், படுத்தார். விடியற்காலையில் பெரியம்மா எழுந்து பார்த்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அறையில் அவ்வளவு வியர்வை. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. பெரியப்பா பிழைத்தார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரால் லாரி ஓட்ட முடியவில்லை.

அந்த இரவில் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தை ஒரு சொல்லால் இழந்தோம். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது.

தமிழில் வலிக்கு எத்தனை பெயர்கள்!

நம் மொழியில் வயிற்றுக் கோளாறுக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எரிச்சல், பொருமல், உப்புசம், குத்தல், குடைச்சல், பிசைதல், முறுக்கிப் பிடித்தல், இழுத்துப் பிடித்தல், புரட்டல், எதுக்களித்தல். பாட்டிமார்கள் இவற்றை மாற்றிச் சொல்ல மாட்டார்கள். பொருமலைக் குத்தல் என்றோ, புரட்டலை எரிச்சல் என்றோ சொல்வதில்லை.

மருத்துவருக்கும் இந்த வேறுபாடுதான் வேண்டும். வயிற்றிலிருந்து தொண்டை வரை ஏறும் எரிச்சல், படுத்தால் அதிகமாகும் என்றால், இரைப்பை அமிலம் மேலே வருவதைக் காட்டும். முறுக்கிப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும் வலி குடலோ சிறுநீர்க் குழாயோ அடைபடுவதைக் காட்டலாம். அசைந்தாலும் இருமினாலும் உயிர் போவது போல் வலித்து, ஆள் அசையாமல் சுருண்டு கிடந்தால் வயிற்றுக்குள் அழற்சி பரவுகிறது என்று பொருள். நெஞ்சுக்குழியில் தொடங்கி நேராக முதுகுக்குத் துளைத்துப் போகும் வலி கணையத்தைச் சுட்டும்.

இத்தனையும் நம் வாயில் இருக்கும்போது, கவுண்டரில் போய் நின்று “கேஸ்டிரிக்” என்று மட்டும் சொல்கிறோம். நோயின் பெயரை நாமே சொல்லிவிடுகிறோம். அறிகுறியைச் சொல்வதில்லை.

அரசாங்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். ஆனாலும் நீங்கள் முதலில் சொல்லும் வாக்கியத்துக்கு அங்கே எடை உண்டு. “கேஸ்டிரிக்” என்பது வேறு, “நெஞ்சுக்குழியில் அழுத்துகிறது, வியர்க்கிறது, எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது” என்பது வேறு.

மேல்வயிறு: முதலில் இதயத்தை நினையுங்கள்

இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. இரண்டிலிருந்தும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் மூளைக்குப் போகும் வழியில் கலந்துகொள்கின்றன. அதனால் இதயத்தில் வரும் அடைப்பு, நெஞ்சுக்குழியில் வரும் அழுத்தமாகவும் குமட்டலாகவும் வாந்தியாகவும் தெரியலாம். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசானது போல் தோன்றுவதும் உண்டு. அது இதயம் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். நீண்ட நாள் சர்க்கரை நரம்புகளைப் பாதிப்பதால், மாரடைப்பு வந்தாலும் பெரிய நெஞ்சு வலி இல்லாமல் போகலாம். களைப்பு, வியர்வை, குமட்டல் மட்டுமே தெரியும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும்கூட இப்படி வரலாம். 2019-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய மூவரில் ஒருவர். நம் வீட்டுக் கல்யாண மேசை ஒன்றில் பத்துப் பேர் உட்கார்ந்தால் மூன்று பேருக்கு இருக்கும்.

ஆகவே நாற்பது வயது தாண்டியவர், அல்லது இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகைப்பழக்கம் உள்ளவர், நெஞ்சுக்குழியில் அழுத்தம் என்று சொல்லி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓமத்தண்ணீர் வைக்க வேண்டாம். 999 அழையுங்கள். அவரையே கார் ஓட்டிக்கொண்டு போகவிடாதீர்கள். ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். காற்று என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம்.

காரத்தின் மேல் போட்ட பழி

உண்மையிலேயே இரைப்பையில் புண் இருப்பவர்களும் நம்மிடையே நிறைய. அதற்கு மிளகாயையும் ஊறுகாயையும் நேரம் தவறிச் சாப்பிடுவதையும் குறை சொல்வது வழக்கம். காரம் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு இரண்டு: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி, வலி மாத்திரைகள்.

அந்தக் கிருமியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-இல் கண்டறிந்தார்கள். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்று மற்றவர்கள் நம்ப மறுத்தபோது, 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துத் தனக்கு இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் நமக்கும் இடம் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கோ கியன் லீயும் அவருடன் பணியாற்றியவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஒரே நாட்டில், ஒரே ஊரில் வாழ்ந்தாலும் இந்தக் கிருமித் தொற்று மலேசிய இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு என்று காட்டினார்கள். கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. அந்தந்தச் சமூகம் தனக்குள்ளேயே உண்டு, உறங்கி, மணமுடித்து வாழ்வதால் தொற்றும் அதற்குள்ளேயே சுற்றுகிறது என்பது அவர்களின் விளக்கம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி ஆகியவற்றால் இந்தக் கிருமியைக் கண்டறியலாம். இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளைப் பொதுவாக இரண்டு வாரம் தருவார்கள். ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். மருத்துவரைப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் அமில மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்பவரின் இரைப்பையில் அந்தக் கிருமி அப்படியே இருந்துகொண்டிருக்கும்.

முட்டி வலி மாத்திரையும் கறுப்பு மலமும்

மரம் வெட்டிய முட்டிகளும், செம்பனைக் குலை தூக்கிய இடுப்புகளும் வலிக்கத்தான் செய்யும். அதற்காக டைக்ளோஃபெனக், மெஃபெனமிக் அமிலம், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தினமும் போடுகிறவர்கள் பலர். இவை இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் வழவழப்பான படலத்தைப் பலவீனப்படுத்துகின்றன. பெயர் தெரியாத ‘ஜாமு’ மூட்டு மருந்துகளிலும் கவனம் தேவை. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

இப்படி வரும் புண்ணில் வலியே இல்லாமல் ரத்தம் கசியலாம். அடையாளம் மலத்தில் தெரியும். தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, வழக்கத்துக்கு மாறான துர்நாற்றத்தோடு இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அப்படி எதுவும் சாப்பிடாமல் கறுத்தால், அல்லது வாந்தியில் ரத்தமோ காப்பித் தூள் போன்ற துகள்களோ வந்தால், அன்றே மருத்துவமனை. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்திவிடக் கூடாது.

வயிறு வழித்துவிடும் முன்

தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி நிலைக்கும் வலி, கூடவே பசியின்மை, குமட்டல், லேசான காய்ச்சல் என்றால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். இந்த நேரத்தில் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் போட்டு வழித்துவிடுவது ஆபத்து. குடல்வால் வெடித்தால் சீழ் வயிறு முழுவதும் பரவும். பேதி மருந்தும் கொடுக்கக் கூடாது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: கடுமையாக இருந்த வலி திடீரென்று குறைந்தால் அது நல்ல செய்தியாக இல்லாமலும் போகலாம். வெடித்த பிறகும் சிறிது நேரம் வலி தணியும்.

வாழை இலை விருந்தோ பொரித்த கோழியோ சாப்பிட்ட பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டைக்குப் பரவி, சில மணி நேரம் நின்று போகும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். ஒரு ஸ்கேன் போதும், தெரிந்துவிடும். அதோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள் சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம்.

டிங்கி: காய்ச்சல் விட்ட பிறகு வரும் வயிற்று வலி

ஆண்டுதோறும் டிங்கி அதிகமாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் இதைத் தனியாக அறிந்திருக்க வேண்டும். டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. “காய்ச்சல் விட்டுவிட்டது, வயிறுதான் வலிக்கிறது, இரண்டு நாள் சாப்பிடாததால் கேஸ்டிரிக்” என்று வீட்டில் நினைக்கும் அதே நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கலாம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய அசதி இவை எச்சரிக்கை அறிகுறிகள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். மேலே சொன்ன வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும்.

மதுவுக்குப் பின் வரும் வலி

குடித்த மறுநாள் நெஞ்சுக்குழியில் தொடங்கி முதுகுக்குத் துளைக்கும் வலியும் ஓயாத வாந்தியும் கணைய அழற்சியாக இருக்கலாம். அதை மோர் குடித்துச் சமாளிக்க முடியாது. மலிவான மதுவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தனர். குடித்த சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வயிற்று வலி, வாந்தியோடு கண் மங்கினால் அது விஷம். “போதை இறங்கட்டும்” என்று தூங்கவிடாதீர்கள்.

‘மூலம்’ என்ற இன்னொரு சொல்

மேல்வயிற்றுக்கு கேஸ்டிரிக் போல, கீழே எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் சொல் ‘மூலம்’. மலத்தில் ரத்தம் வந்தால் “உடம்பு சூடு, மூலம்” என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடிப்போம். பல நேரம் அது மூலம்தான். ஆனால் 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மலேசிய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய். பெண்களிடம் அது இரண்டாவது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் முற்றிய நிலையில்தான் கண்டறியப்படுகிறார்கள்.

மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது, மலம் மெலிந்து வருவது, ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை இவை காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள். 50 வயது ஆனவர்கள் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஒரு சின்னக் குப்பியில் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும். கூச்சம் வரும்தான். அந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்.

எப்போது, எங்கே போவது?

உடனே 999 அல்லது அவசர சிகிச்சைப் பிரிவு:

• நெஞ்சுக்குழி அழுத்தத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம்
• ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், நிற்காத ரத்தப் போக்கு
• திடீரென்று தொடங்கிய கடும் வலி, பலகை போல் இறுகிய வயிறு
• வயிறு வீங்கி, மலமும் காற்றும் பிரியாமல், வாந்தி எடுப்பது
• காய்ச்சல், கண் மஞ்சளோடு வயிற்று வலி
• டிங்கிக் காய்ச்சலில் வயிற்று வலி
• மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலி. கரு குழாயில் தங்கியிருக்கலாம்.
• ஆண் பிள்ளைகள் அடிவயிறு வலிக்கிறது என்று சொல்லி நெளிந்தால், விதைப்பையில் வலியா என்று கேளுங்கள். விதை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வேண்டும்.
• கைக்குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அல்லது மலத்தில் ரத்தமும் சளியும் வந்தால்

இந்த வாரத்துக்குள் கிளினிக்:

• இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எரிச்சல், உப்புசம்
• முழுங்கும்போது சாப்பாடு நெஞ்சில் சிக்குவது
• எடை குறைவது, பசி குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது
• இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி
• மலம் கழிப்பதில் ஏற்பட்ட மாற்றம்

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக யாருடைய கடிதமும் தேவையில்லை.

கவுண்டரில் என்ன சொல்வது?

ஐந்து விஷயங்களைச் சொன்னால் போதும். எங்கே வலிக்கிறது (ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்). எப்போது தொடங்கியது. எப்படி வலிக்கிறது. கூடவே வேறு என்ன இருக்கிறது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். கடைசிக்கு, மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் பேச்சே வேண்டியதில்லை. நாட்டு மருந்தும் ஜாமுவும் அந்தப் பையில் இருக்கட்டும்.

தமிழ் தெரியாத தாதியரிடம் சொல்ல வேண்டிய மலாய்ச் சொற்களை வீட்டில் உள்ள முதியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நெஞ்சுக்குழி, ‘ஊலு ஹாத்தி’. நெஞ்சு வலி, ‘சாகிட் டாடா’. குளிர்ந்த வியர்வை, ‘பெலு செஜுக்’. மூச்சுத் திணறல், ‘செசாக் நஃபாஸ்’. கறுப்பு மலம், ‘பேராக் ஹீத்தாம்’. ரத்த வாந்தி, ‘முந்தா டாரா’. ஒரு தாளில் எழுதி பணப்பையில் வைத்தால் இன்னும் நல்லது.

பெரியப்பா இப்போது யார் வீட்டு விருந்தில் யார் நெஞ்சைத் தடவினாலும் எழுந்து போய்க் கேட்கிறார்: “எரியுதா, அழுத்துதா? வேர்க்குதா?” கேலி செய்பவர்களும் உண்டு. அவர் கேட்பதை நிறுத்துவதில்லை. அந்த மூன்று கேள்விகளை அன்றிரவு யாராவது அவரைக் கேட்டிருந்தால் அவர் இன்னும் லாரி ஓட்டிக்கொண்டிருப்பார்.